சங்கரன்கோவிலில் மூன்று நாள்: ஓர் அட்டையும் இரண்டு முழங்கால்களும்

எண் போட்டுக்கொண்டால்தான் எனக்கு எழுத்து ஓடும். ஆகவே முதலில் பட்டியல்.

1. ஏன், எப்போது போனேன்.
2. பேருந்து, தங்குமிடம், சாப்பாடு.
3. செல்வராஜ் நடத்திய பயிற்சி.
4. என் கூச்சத்தால் ஒரு கபடி ஆட்டக்காரரின் முழங்காலுக்கு வந்த ஆபத்து.
5. இப்போது போகிறவர்களுக்குச் சில யோசனைகள்.

சங்கரன்கோவிலில் விளையாட்டுக் காயங்கள் பற்றிய பயிற்சி ஒன்று நடக்கப்போகிறதாம். இளைய இயன்முறை மருத்துவர்கள் இரண்டு பேர் வழி கேட்டு எழுதியிருந்தார்கள். நான் போனது எண்பதுகளின் நடுவில், பொங்கல் முடிந்த வாரம். அன்றைய நேரமும் கட்டணமும் இன்று செல்லாது. இருந்தாலும் குறிப்பேட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

அப்போது எனக்கு நாற்பது வயது. திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் வேலை. பக்கவாதம் வந்தவர்களும் எலும்பு முறிந்தவர்களும்தான் எங்களிடம் வருவார்கள். அடிபட்ட ஆட்டக்காரர் எப்போதாவது வந்தால் ஒத்தடம் கொடுத்து, ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிடுவோம். வேலையில் இருப்பவர்களுக்காக மூன்று நாள் பயிற்சி, கபடிப் போட்டி நடக்கும் மைதானத்திலேயே, என்று அறிவிப்பு வந்தது. நடத்துபவரின் பெயரை இரண்டு முறை படித்தேன். செல்வராஜ். கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் இளையவர். வடக்கே ஓராண்டு விளையாட்டுக் காயங்களைப் பற்றிப் படிக்க ஒரே ஓர் இடம் வந்தபோது நானும் எழுதிப் போட்டேன், அவரும் எழுதிப் போட்டார். போனவர் அவர்.

திருநெல்வேலி சந்திப்பில் காலை 5.40 பேருந்து. மானூர், பனவடலிசத்திரம் வழியாக ஏறக்குறைய ஐம்பத்தாறு கிலோமீட்டர், டிக்கெட் நான்கு ரூபாய் இருபது காசு. ஜன்னலோர இருக்கை ஒன்றில் ஈரத் துண்டு கிடந்தது. எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கீழே டீ குடித்துக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார்.

“ஏ சாரே, துண்டு கெடக்குல்லா?”

“துண்டா வே டிக்கெட் எடுத்திருக்கு?” என்றேன்.

மானூர் வரை சண்டை நடந்தது. நான் எழுந்திருக்கவில்லை. 7.35க்கு இறங்கினேன்.

விடுதி, பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ரூபாய். கொடுத்த அறைக்குச் சுவர் ஒட்டினாற்போல் விசைத்தறிக் கூடம். மேனேஜரிடம் வாதாடி எதிர்ப்பக்கத்து அறை வாங்கினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிரியாணிக் கடைகள் இருக்கின்றன. ஒரு மணிக்குள் போய்விட வேண்டும்.

பயிற்சிக்கு வந்தவர்கள் பதினெட்டுப் பேர். செல்வராஜ் வெள்ளை கேன்வாஸ் ஷூவும் கழுத்தில் விசிலுமாக நின்றார். தொப்பை விழவில்லை. ஆட்டக்காரர்கள் அவர் தோளில் கை போட்டுப் பேசினார்கள். என் தோளில் அப்படி ஒரு நோயாளியும் கை போட்டதில்லை. அவர் சொன்னதை எல்லாம் ஒரு வரி விடாமல் எழுதினேன். பிழை கண்டுபிடிக்கவே எழுதினேன் என்றும் சொல்லலாம்.

“என்ன அண்ணாச்சி, நோட்டு தீந்துட்டா? இன்னொண்ணு வாங்கியாரட்டா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று, அடிபட்டவர்களின் விவரம் கேட்டு அட்டையில் எழுதும் வேலையையும் எனக்கே கொடுத்தார். வடக்கே போகாதவனுக்குக் குமாஸ்தா வேலை என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை, முருகையா என்ற ஆட்டக்காரரைக் கூட்டிவந்தார்கள். ராயகிரி அணி, வயல் வேலை செய்பவர். முந்தின நாள் ஆட்டத்தில் வலது முழங்கால் திருகிவிட்டது. மறுநாள் திருவேங்கடம் ஊர் அணியோடு இறுதி ஆட்டம். நான் வரிசைப்படி கேட்டேன். வலது காலில் இதற்கு முன் அடி இல்லை. “இடது?”

“அது ரெண்டு வருசம் ஆச்சு அண்ணாச்சி. டப்புன்னு ஒரு சத்தம். ஒரு மாசம் நொண்டிக்கிட்டுக் கெடந்தேன். பொறவு சரியாயிட்டு.”

எழுதிக்கொண்டேன். சோதனைக்கு முன் அட்டையை உரக்கப் படிக்க வேண்டும் என்பது செல்வராஜே வைத்த முறை. அன்று நேரமாகிவிட்டது. “அட்டைய அப்புறம் பாத்துக்கிடலாம் அண்ணாச்சி” என்று சொல்லி, முருகையாவைப் படுக்க வைத்தார்.

“நல்ல கால மொதல்ல பாருங்க. அதுதான் அளவுகோல்.” இடது முழங்காலை மடக்கி, கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்தார். பிறகு வலதை. “ரெண்டும் ஒரே தளர்வு. பயலுக்குப் பிறவியிலயே அப்படி. கட்டுப் போட்டு நாளைக்கு ஆடலாம்.” முருகையா எழுந்து கும்பிட்டார்.

அட்டை என் மடியில் இருந்தது. அந்த இடது கால் நல்ல காலே இல்லை. இரண்டு வருடம் முன்பே அதன் தசைநார் அறுந்திருக்க வேண்டும். அதோடு ஒத்துப்போகிறது என்றால் வலதும் அறுந்திருக்கிறது. இதோடு களத்தில் இறங்கினால் மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வும் கிழியும். பிறகு வயலில் குனிந்து நிமிர முடியாது. தெரிந்தும் நான் சொல்லாமல் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மதியம் பிரியாணி சாப்பிட்டேன். மாலை கோயிலைச் சுற்றிவந்தேன், அங்கே பிரசாதமாகத் தரும் புற்றுமண் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு ஆட்டம். மூன்றே முக்காலுக்கு முருகையா கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தார். செல்வராஜ் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

“அண்ணாச்சி, எனக்கு ஒறக்கமே இல்ல. ரெண்டு முட்டியும் ஒண்ணுபோலத் தளந்திருக்குன்னா, ரெண்டும் போயிருந்தாலும் அப்படித்தான இருக்கும்? எடது காலப் பத்திக் கேட்டீங்களா?”

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். படித்தார். என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு களத்துக்கு ஓடினார்.

ராயகிரித் தலைவர் கத்தியது எனக்குக் கேட்டது. “நேத்து ஆடலாம்னீரு, இன்னைக்கு ஆடாதங்கீரு. எது வே நெசம்?”

“இன்னைக்குச் சொல்லுததுதான் நெசம். நேத்து தப்பாச் சொல்லிட்டேன்.”

நூறு பேருக்கு நடுவில், கோடு போட்ட களத்தின் ஓரத்தில் நின்று, நேரம் சொல்வதுபோல அதைச் சொன்னார். ராயகிரி தோற்றது. முருகையா பேண்டேஜை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

நிறைவுக் கூட்டத்தில் செல்வராஜ் எழுந்து, “அண்ணாச்சி அட்டை இல்லேன்னா அந்தப் பயல் கால் போயிருக்கும்” என்றார். பதினேழு பேரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன். முருகையா பிறகு ஏழு மாதம் எங்கள் மருத்துவமனைக்கே உடற்பயிற்சிக்கு வந்தார். வயல் வேலைக்குத் திரும்பினார். வரும்போதெல்லாம் யாரிடமாவது, “இந்த அண்ணாச்சிதான் என் காலக் காப்பாத்துனது” என்பார். நான் தலையாட்டுவேன்.

இனி யோசனைகள். ஆடித்தபசுத் திருவிழா நாட்களில் போகாதீர்கள், அறை கிடைக்காது. தறிச் சத்தம் எட்டாத அறையாகக் கேளுங்கள். அடிபட்டவர் எந்தக் காலைக் காட்டினாலும் இரண்டு காலின் பழைய கதையையும் கேளுங்கள். எழுதியதைச் சோதனைக்கு முன் உரக்கப் படியுங்கள். யாரும் படிக்கச் சொல்லாவிட்டாலும் படியுங்கள்.

எழுதியதைத் திரும்பப் பார்த்தேன். செல்வராஜின் ஷூவுக்கும் விசிலுக்கும் வடக்கத்திப் படிப்புக்கும் நான் பட்ட பொறாமை, நாளடைவில் ஆறிவிட்டது. “தப்பாச் சொல்லிட்டேன்” என்று அவரால் சொல்ல முடிந்ததே, அது மட்டும் இன்றைக்கும் ஆறவில்லை.

பட்டியலில் நான்காவதாகக் கூச்சம் என்று எழுதியிருக்கிறேன். ஜன்னலோர இருக்கைக்காக மானூர் வரை சண்டை போட்டவன் நான். விடுதி மேனேஜரிடம் வாதாடி அறை மாற்றியவன். செல்வராஜ் தோற்பதைப் பார்க்க வேண்டும் என்றுதான் அந்த அட்டையை ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் மாலை வரை சட்டைப் பையில் வைத்திருந்தேன். நான்காம் எண் தப்பு.