அவர் கணக்கில் என் சம்பளம்

கலியாணம் முடித்த காலத்தில் நான் களுவாஞ்சிக்குடியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் நாகர்கோவில்காரர். எங்கள் பக்கத்து நெசவாலை ஒன்றில் இந்தியத் தறிகளைப் பொருத்த வந்தவர். பொருத்தி முடிந்த பிறகும், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று ஆலைக்காரர் அவரை நிறுத்திக்கொண்டார்கள். விசா ஒரு வருஷத்துக்குத்தான் கொடுப்பார்கள். முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும். "விசாக்காரனுக்கா பொம்புள குடுக்கிற?" என்று பெரியப்பா மட்டும் கேட்டார். பிறகு மெதடிஸ்த கோயிலில் கலியாணம் நடந்தபோது, மாப்பிள்ளைத் தோழனுக்குச் சரிக்குச் சரியாக முன்னுக்கு நின்றவரும் பெரியப்பாதான்.

ஓகஸ்ட் விடுமுறைக்கு மாமியைப் பார்க்க நாகர்கோவிலுக்குப் போவதென்று இருந்தோம். விசாவில் இருப்பவர் நாட்டை விட்டுப் போவதானால், வருமானவரி பாக்கியில்லை என்று ஒரு கடதாசி காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தலைமன்னாரில் கப்பலேற விடமாட்டார்கள். ஆலைக் கிளாக்கர் மாதாமாதம் வரியைக் கழித்துத்தான் சம்பளம் போட்டார். ஆகவே இது ஒரு காலைநேர வேலைதான் என்று நினைத்து, இருவரும் வரிக் கந்தோருக்குப் போனோம்.

அங்கே இருந்த உத்தியோகத்தர் மெதுவாகப் பேசுகிறவர். கலியாணம் எப்போது நடந்தது என்று என் புருஷனிடம் கேட்டுவிட்டு, நான் வேலை செய்கிறேனா என்று என்னிடம் கேட்டார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். உத்தியோகத்தர் பேனாவைக் கீழே வைத்தார். மனைவியின் வருமானத்தையும் புருஷனுடையதோடு சேர்த்துத்தான் வரி போடவேண்டுமாம். ஆலைக் கிளாக்கர் என் புருஷனுடைய சம்பளத்தை மட்டும் வைத்துக் கழித்திருந்தார். இனி என் சம்பளத்துக்கு அத்தாட்சி கொண்டுவந்து, எல்லாவற்றையும் புதிதாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

"நான் உழைக்கிற காசு எப்பிடி ஐயா இவர்ர கணக்குல வரும்?" என்று கேட்டேன்.

"சட்டத்துக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரு ஆள் டீச்சர். அந்த ஆள் அவர்."

"இவர் வருஷத்துக்கு வருஷம் விசா கேட்டு நிக்கிறவர். நான் இந்த ஊர்ல பொறந்தவ."

உத்தியோகத்தர் கோபிக்கவில்லை. தன்னுடைய மனைவியும் ஆசிரியைதான் என்றும், இதைச் சொல்லி வீட்டில் ஏச்சு வாங்கியவர்தான் தானும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது என் புருஷன் சொன்னார்: "ஒனக்கு மனசில்லேன்னா நா போகல்ல. அம்மைக்கு எழுதிப் போட்டிருதேன்." எனக்கு அதைக் கேட்டுத்தான் இன்னும் கோபம் வந்தது. அவர் செய்த பிழை என்ன? மறுநாளே பள்ளிக்கூட அதிபரிடம் போய்ச் சம்பள அத்தாட்சி கேட்டேன். அது கல்விக் கந்தோருக்குப் போய்க் கையெழுத்தாகி வர விடுமுறை முடிந்துவிட்டது. கூடுதலாக வந்த வரியில் என் பங்கை நானே கட்டுவேன் என்று நின்றேன். கட்டினேன். பற்றுச்சீட்டில் என்னவோ அவருடைய பெயர் மட்டும்தான் இருந்தது.

பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டதால் அவர் தனியாகத்தான் போனார். ஸ்டேஷனில் அழக்கூடாதென்று இருந்தேன்; ரயில் வெளிக்கிட்டதும் அழுகை வந்துவிட்டது. திரும்பி வந்ததும், மாமி கேட்டதைச் சொன்னார். நான் ஏன் வரவில்லை என்பதை அவர் விளங்கப்படுத்தப் பார்த்தாராம். "அவ சம்பளத்துக்கு நீ எதுக்குலே வரி கெட்டுத?" என்று மாமி கேட்டாராம். அன்றைக்கு இருவரும் சோறு ஆறும்வரை சிரித்தோம்.

அடுத்த வருஷம் விடுமுறைக்கு வெகு முன்பே இரண்டு பேருடைய சம்பள அத்தாட்சியையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே உத்தியோகத்தர்தான். கடதாசி நேரத்துக்கு வந்தது. மாகோவில் ரயில் மாறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறினோம். கரை காணும்வரை எனக்கு ஒரே சத்தி; குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. அவர் ஈரத் துவாயால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார்.