மலை ஏறக்கூடாத வருஷம்

அப்பாவின் காரியங்கள் எல்லாம் முடிந்த அன்று, அவற்றைச் செய்துவைத்த வாத்தியார் கிளம்புகிற அவசரத்தில் எனக்கு ஒரு வருஷத்துக்கான விதிகளைச் சொன்னார். மாசா மாசம் அப்பா திதியில் செய்கிற மாசியம் விட்டுப்போகக் கூடாது. பண்டிகை கிடையாது. கல்யாண வீடுகளுக்குப் போகக் கூடாது. செருப்பை மாட்டிக்கொண்டே கடைசியாக ஒன்று சொன்னார்: "வருஷம் திரும்பற வரைக்கும் மலை ஏறப்படாது, கேட்டயா."

கூடத்து மூலையில் என் மவுண்டன் சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. முன்சக்கரத்தில் காய்ந்த செம்மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வாத்தியார் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. நான் கவனித்தேன்.

நான் பாங்கில் கடன் பிரிவில் வேலை பார்க்கிறவன். எந்த நிபந்தனையைக் கொடுத்தாலும் அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவேன். அதற்குத்தான் சம்பளம். ஒரு வாரம் பொறுத்திருந்து வாத்தியாருக்கே ஃபோன் போட்டேன்.

"மாமா, மலைன்னா கோவில் இருக்கற மலையைத்தானே சொன்னேள்?"

"ஆமாம். சபரிமலை, பழனி, திருப்பதி. அதான் வழக்கம்."

"கோவில் இல்லாத மலைன்னா?"

"கோவில் இல்லாத மலைக்கு என்னத்துக்குடா போகணும்?"

"சும்மாத்தான் கேட்டேன் மாமா" என்று வைத்துவிட்டேன். ஆனால் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கோவில் இல்லாத மலைக்குத் தடை என்று அவர் சொல்லவில்லையே.

பாலக்காட்டில் பிறந்தவனுக்கு மலை என்பது எப்போதும் தூரத்தில் நீலமாக நிற்கிற ஒன்று. ஊர் தட்டையாகக் கிடக்கும். சின்ன வயதில் எங்கள் அக்ரஹாரமான கல்பாத்தியில் எனக்குக் கிடைத்த ஒரே சரிவு, ஆற்றுக்கு இறங்குகிற படிக்கட்டுதான். பத்தாம் வகுப்பு லீவில் வாடகை சைக்கிளில் அதில் இறங்கி, கடைசிப் படியில் தலைகுப்புற விழுந்து, முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. அந்தப் பாதிப் பல்லோடுதான் இன்றைக்கும் கடன் கேட்டு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறேன்.

அப்பாவுக்கு மலை ஆகாது. மலைப்பாதை பஸ்ஸில் ஏறினால் இரண்டாவது வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்துவிடுவார். அப்படிப்பட்டவர் என் சைக்கிள் பைத்தியத்தை ஒருநாளும் தடுத்ததில்லை. நான் கிளம்புகிற காலையில் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டு பிரேக்கை ஒருதரம் அமுக்கிப் பார்ப்பார். "பிடிக்கறது" என்பார். சைக்கிளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மலையில் ஓட்ட எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் என் கல்லூரி நண்பன். சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். இப்போது அங்கேயே ஜீப் ஓட்டுகிறான். அவன் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசையை மட்டும் தவறவிடமாட்டான். இறக்கத்தில் நான் பயந்து இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தால் பின்னாலிருந்து கத்துவான்: "பிரேக்க வுடுல! சைக்கிளுக்கு வழி தெரியும்ல!" மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பாங்குக்கு லீவு. சைக்கிளைக் கார் மேல் கட்டிக்கொண்டு விடியுமுன் கிளம்பினால், உடுமலை, மறையூர் வழியாக மத்தியானத்துக்கு அவன் வீட்டில் இருப்பேன். சாயங்காலம் ஒரு இறக்கம், ஞாயிறு காலை அவன் பூசை முடிந்து வந்ததும் இன்னொன்று. வெள்ளிக்கிழமை ராத்திரியே பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயுமாக செயினைக் கழுவ உட்கார்ந்துவிடுவேன். துடைப்பதற்கு அப்பாவின் நைந்த வேஷ்டித் துண்டு. அவர் இருந்தபோதும் அப்படித்தான். அவர் போனபிறகு முதல் தடவை வேஷ்டியைக் கிழிக்கப் போனபோது கை நின்றது. பிறகு கிழித்துவிட்டேன்.

அப்பா போன மூன்றாம் மாதம் மறுபடியும் ஓட்டத் தொடங்கினேன். அம்மாவிடம் ஒளிக்கவில்லை. ஒளித்து அகப்பட்டிருந்தால் அவள் என்னைத் திட்டியாவது இருக்கலாம். "சாந்தன்பாறைக்குப் போறேம்மா" என்றேன். அம்மா சைக்கிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தயிர்சாதம் கட்டித் தரட்டுமா?" என்றாள். அவ்வளவுதான். மாசியம் ஒன்றுகூட விடாமல் செய்கிறேன், பண்டிகை இல்லை, விருந்து இல்லை, இந்த ஒன்றில் மட்டும் வளைந்துகொடுத்தால் என்ன என்று வழியெல்லாம் எனக்கு நானே வாதாடிக்கொண்டு போனேன்.

ஆனால் புல்மேட்டிலிருந்து ஏலக்காட்டுக்குள் இறங்குகிற அந்தப் பாதையில் வாதமெல்லாம் நின்றுவிடும். சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அப்பா செத்து மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை, வாயைத் திறந்து கத்திக்கொண்டு இறங்கினேன். அடிவாரத்தில் நின்று மூச்சு வாங்கும்போதுதான் அவர் ஞாபகம் வரும். அடுத்த லீவுக்கு மறுபடியும் போவேன்.

அம்மா அந்த வருஷம் முழுக்க வாசற்படி இறங்கவில்லை. புருஷன் போன வருஷம் எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம் அப்படி. இப்போது யாரும் அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை, தெருவிலேயே அதே நிலையில் இருந்த இரண்டு மாமிகள் மூன்றாம் மாதமே வேலைக்குப் போய்விட்டார்கள். "சாயங்காலம் ஆத்தங்கரை வரைக்கும் நடந்துட்டு வாயேம்மா" என்று நானே ஒருதரம் சொன்னேன். "வருஷம் ஆகட்டும்டா" என்றாள். நானும் அத்தோடு விட்டுவிட்டேன். விட்டுவிடுவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை நான் செயின் துடைத்துக்கொண்டிருந்தபோது அத்தையின் ஃபோன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா, பையன் இருப்பானா என்று கேட்டிருக்க வேண்டும். அம்மா சொன்னாள்: "அவனுக்குப் பாங்குல ஆடிட். ஞாயித்துக்கிழமைகூட வரச் சொல்லிட்டா, பாவம்." நான் தலை நிமிரவில்லை. பிரஷ்ஷை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். பொய்யே பேசாதவள் எனக்காகப் பேசினாள், நான் கேட்காமலேயே.

தேர் வந்தது. எங்கள் தெருவில் தேர் என்றால் வீடு முழுக்க ஜனம் இருக்கும். அந்த வருஷம் துக்க வீடு என்பதால் யாரும் வரமாட்டார்கள், நாங்களும் வாசலில் நிற்கக் கூடாது. வீட்டில் அடைந்து கிடப்பானேன் என்று நான் மறையூருக்கு மேலே இருக்கிற காந்தலூருக்குப் போய்விட்டேன். பூண்டு வயல்களுக்கு நடுவே வரப்பில் ஓட்டினேன். வயலில் நின்றவர்கள் ஆளாளுக்கு இரண்டு கேரட் பிடுங்கித் தந்தார்கள். ராத்திரி அம்மாவைக் கூப்பிட்டேன். "தேர் பாத்தயாம்மா?" என்றேன், என்ன கேட்கிறோம் என்று யோசிக்காமல். "சத்தம் கேட்டுது" என்றாள். "கதவைச் சாத்திண்டு இருந்தேன். நீ சாப்ட்டாச்சோ?"

வருஷம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கும்போதுதான் விழுந்தேன். பெரிய சாகசம் ஒன்றுமில்லை. முதல்நாள் மழை, பலா வேர் ஒன்று நனைந்து கிடந்தது, முன்சக்கரம் அதில் வழுக்கியது. வலது தோள் தரையில் மோதியபோது உள்ளே விறகு முறிகிற சத்தம். நண்பன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"அசையாம கெடல. ஜீப்ப எடுத்துட்டு வாரேன்."

"இன்னும் பத்து நாள்ல அப்பாவோட வருஷாப்திகம்டா" என்றேன். வலியைவிட முதலில் வாயில் வந்தது அதுதான்.

அவன் முகம் மாறிவிட்டது. "நாந்தான கூப்ட்டேன். வராதன்னு சொல்லிருக்கணும்" என்றான். அவனுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. ஆனாலும் ஜீப்பில் ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

வலது தோளின் காறையெலும்பு முறிந்திருந்தது. கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டார்கள். ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார் டாக்டர்.

நான் ஒரே பிள்ளை. வருஷாப்திகம் என்கிற முதல் வருஷத்துச் சிராத்தம் என் கையால் நடக்க வேண்டும். சாமி காரியத்துக்குப் பூணூல் இடது தோளில் இருக்கும். பித்ரு காரியத்தில் அதை வலது தோளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், ஒருதரம் இரண்டுதரம் அல்ல, வாத்தியார் சொல்லும்போதெல்லாம். எள்ளும் தண்ணீரும் வலது கையால்தான் விட வேண்டும். சாமிக்கு உள்ள தோள் சுகமாக இருந்தது. அப்பாவுக்கு உள்ள தோளைத்தான் போய் உடைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

வேறொருத்தர் கையில் தர்ப்பையைக் கொடுத்து நமக்குப் பதிலாகச் செய்யச் சொல்லலாம், அதற்கு வழி இருக்கிறது என்று அம்மா சொன்னாள். நான் முடியவே முடியாது என்றேன். வலித்தால் வலிக்கட்டும். உண்மையில் வலிக்க வேண்டும் என்றே விரும்பினேன். வலித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று ஒரு நப்பாசை.

சிராத்தத்தன்று காலையில் வாத்தியார் உதவிக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். உள்ளே நுழைந்ததும் வாத்தியார் என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, "கைக்கு என்னாச்சு?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் அடுக்களையிலிருந்து அம்மா குரல் வந்தது. "படியில வழுக்கிட்டான்."

குளித்து மடியாகக் கட்டிய, ஈரம் காயாத புடவையில், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், அப்பாவின் சிராத்தச் சமையலுக்கு நடுவில் நின்று சொன்ன பொய். வாத்தியார் என்னைப் பார்த்தார். ஒரு வருஷம் முன்னால் நான் போட்ட ஃபோன் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் மணையில் உட்காரச் சொன்னார்.

கைக்கட்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் தடவை பூணூலை மாற்றும்போதே கண் இருட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். எள்ளோடு தண்ணீரை ஏந்திக் கையை முன்னால் நீட்டியபோது தோளிலிருந்து விரல்நுனி வரை சுண்டி இழுத்தது. தண்ணீர் தாம்பாளத்துக்கு வெளியே கொட்டியது. இன்னொருதரம் ஏந்தினேன். அதுவும் கொட்டியது.

"போரும்" என்றார் வாத்தியார்.

"இல்லை மாமா, பண்ணிடறேன்."

அம்மா அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள். கையில் கரண்டி. "நோக்கு வலிக்கணும்னு அவருக்கு ஒரு ஆசையும் இல்லை" என்றாள். "யாருக்காகப் பண்றே நீ? புல்லைக் குடு."

கொடுத்தேன். உதவிக்கு வந்தவர் தர்ப்பையை வாங்கிக்கொண்டு, பூணூலைச் சுலபமாக வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு, என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார். "அப்பா பேர் என்ன?" சொன்னேன். கோத்திரம் கேட்டார், சொன்னேன். என் அப்பாவை ஒருநாளும் பார்த்திராத ஒருத்தர் அவர் பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டார். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. நான் பக்கத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அழுதேன். தோள் வலி என்று நினைத்து வாத்தியார் விசிறியை எடுத்து விசிறினார்.

எல்லாம் முடிந்து, சிராத்தச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்த பிராமணர்கள் சாப்பிட்டுப் போனபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அடுத்து நான் சாப்பிட வேண்டும். இடது கையால் சாப்பிடுவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். விழுந்த நாளிலிருந்து அம்மாதான் ஊட்டிவிடுகிறாள், முப்பத்தைந்து வயசுப் பிள்ளைக்கு. மோர்க்குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டு இலைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

இரண்டு வாய் ஊட்டினாள். பிறகு கேட்டாள்.

"அந்த மேட்டுல ஏறி நின்னா என்னடா தெரியும்?"

திட்டத்தான் ஆரம்பிக்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

"ஒரு பக்கம் ஏலக்காடும்மா. இன்னொரு பக்கம் கீழே தமிழ்நாடு. வயல், தென்னந்தோப்பு, ரோடு எல்லாம் சின்னதாத் தெரியும்."

"காத்து அடிக்குமோ?"

"நிக்கவே முடியாது. தள்ளிடும்."

"நன்னா இருக்கும்" என்றாள். "இந்தக் கூடத்துல ஃபேன் போட்டாலும் ஒரே புழுக்கம். வருஷம் பூரா அப்படித்தான்."

குறை சொல்லும் குரல் இல்லை அது. எள்ளுருண்டையைப் பிட்டு என் வாயில் வைத்தாள். அந்த வருஷம் முழுக்க அப்பாவுக்குத் துரோகம் செய்கிறேன் என்றுதான் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு என்ன, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒவ்வொரு லீவுச் சனிக்கிழமையும் இருட்டு விலகுமுன் நான் கதவைச் சாத்திக்கொண்டு போனபோது உள்ளே இருந்தது அம்மா. மலை ஏறலாமா கூடாதா என்று சட்டம் பேசிக்கொண்டிருந்தேனே தவிர, அவள் அங்கே என்ன செய்துகொண்டிருப்பாள் என்று ஒருநாள் நினைத்ததில்லை.

அம்மா அடுத்த வாய்ச் சோற்றை உருட்டினாள். ஊட்டிவிட்டு, இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கு என்னை ஆத்தங்கரை வரைக்கும் கூட்டிண்டு போறயா? இத்தனை நாள் கழிச்சுத் தனியா இறங்க என்னமோ மாதிரி இருக்கு. நோக்கு வலியோ ஷீணமோ இல்லைன்னா மட்டும்."

ஆறு எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. தலையை மட்டும் ஆட்டினேன். வாயில் சோறு இருந்தது.