கண்ணை மூடாதீங்க

"ஏழு கழுதை வயசாச்சு, இப்பப் போயி பையைத் தூக்கிக்கிட்டு காலேஜா?" என்று ஆம்புலன்ஸ் டிரைவர் கேட்டதில் தப்பே இல்லை. எத்தனை வருஷமாக ஒரே வண்டியில் ஓடியவர்கள்! டிரைவர் முன்னால், நம்ம ஆள் பின்னால் நோயாளி பக்கத்தில். அடிபட்டவர், மாரடைப்பு வந்தவர், வண்டியிலேயே பிள்ளை பெற்றவள் என்று எத்தனையோ பேரை ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டு வந்து சேர்த்த கை அது. அப்படிப்பட்ட கூட்டாளி திடீரென்று நர்சிங் டிகிரி படிக்கிறேன் என்று கிளம்பினால் டிரைவருக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அந்த வாசல்தான் நம்ம ஆளுக்குப் பிரச்சனை. எமர்ஜென்சி கதவு திறக்கும். நோயாளியை ஒப்படைப்பார், பிபி இவ்வளவு, குடுத்த மருந்து இது என்று மளமளவென்று சொல்வார், வண்டியைக் கழுவப் போய்விடுவார். அதற்கப்புறம் அந்த ஆள் பிழைத்தாரா, போனாரா? ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். ஒரு தடவை மனசு கேட்காமல் கவுண்டரில் போய்க் கேட்டார். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று திருப்பிக் கேட்டார்கள். என்ன வேணும்! வழி முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவன் என்ன உறவு என்று சொல்வது? வண்டிக்கே திரும்பிவிட்டார். அந்தக் கேள்வி மட்டும் கூடவே வீட்டுக்கு வந்தது.

மனைவிதான் முடிவைச் சொன்னாள். "தினம் இதையே சொல்லிப் புலம்புறதுக்கு, உள்ள போயிப் பாருங்க. நான் சமாளிச்சுக்கறேன்."

ஆக, பத்தாவது படிக்கும் மகளும் அப்பாவும் ஒரே மேஜையில் புத்தகத்தை விரித்தார்கள். வார நாளில் காலேஜும் வார்டும், ஞாயிற்றுக்கிழமை பழைய ஆம்புலன்ஸ். வகுப்பில் எல்லாம் பச்சைப் பிள்ளைகள். இவர் பேச்சும் பெரிசு, நடையும் ஓட்டம். முதல் வாரத்திலேயே "சைரன் அண்ணன்" என்று பேர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் உள்ளுக்குள் அது பிடித்துத்தான் இருந்தது.

வார்டில்தான் வந்தது வினை. பிபி பார்ப்பார், ஊசி போடுவார், குறை சொல்ல முடியாது. ஆனால் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டு வார்டு வாசலில் போய் நிற்பார். அடுத்த கேஸ் எங்கே என்று கால் பரபரக்கும். அடுத்த கேஸா? அதே கட்டில், அதே ஆள், நாளைக்கும் அதேதான். இவரைவிடப் பத்து வயது சின்னவர் வார்டு சிஸ்டர். பார்த்துப் பார்த்து ஒரு நாள் சொல்லிவிட்டார்: "சைரன் அண்ணே, ஓடுறதுக்கு இங்க ரோடு இல்ல. உக்காரத் தெரியலைன்னா நர்ஸ் வேலை உங்களுக்கு ஒத்து வராது."

சுருக்கென்று தைத்தது. பொய் என்றால் வலிக்காது, உண்மையாச்சே!

இந்த லட்சணத்தில் ஆம்புலன்ஸ் ஆபீஸிலிருந்து போன். ஞாயிறு மட்டும் வருவதெல்லாம் இனிமேல் சரிப்படாது, முழு நேரமாகத் திரும்பி வா, இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள். நாளை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும். அவருக்கு மனசுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மனைவி ஒரே வரியில் முடித்தாள். "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு காலுன்னு எத்தனை நாளைக்கு? எங்க நிக்கிறீங்கன்னு நீங்களே முடிவு பண்ணுங்க." படிப்பை விட்டுவிடுவது என்ற முடிவோடுதான் மறுநாள் மதியம் வார்டுக்குப் போனார்.

சிஸ்டர் அவரை ஜன்னலோரக் கட்டிலுக்கு அனுப்பினார். அங்கே இஸ்திரிக்கடை நடத்தும் ஒரு அம்மா. மாரடைப்பு வந்து, ஐசியூவில் கிடந்து, முந்தாநாள்தான் வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். இதயம் பாதிதான் வேலை செய்கிறது. அதைவிடப் பெரிய தலைவலி, அந்தம்மா தூங்குவதே இல்லை. மாத்திரை கொடுத்தும் தூங்கவில்லை. தூங்காமல் அந்த இதயம் தாங்காது என்று டாக்டர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காருங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார் சிஸ்டர்.

சுருங்கிப்போன முகம், குழி விழுந்த கண். ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இந்தச் சட்டைய மாடு மென்னு துப்புச்சா?" என்றார்.

சிரித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார். பேச்சு குறைந்தது. அந்தம்மாவின் தலை மெல்லச் சாய்ந்தது, இமை இறங்கியது. மானிட்டரில் பிபி கொஞ்சம் கீழே வந்தது. அவ்வளவுதான், பழகின வாய் தானாகத் திறந்துகொண்டது. தோளைத் தட்டி, "அம்மா! கண்ணை மூடாதீங்க! என்னையே பாருங்க!" என்றார்.

அந்தம்மா பதறிப்போய் நிமிர்ந்தார். "மூடலப்பா, மூடல! சத்தியமா மூடல!"

என்னத்தைச் சொல்ல, அந்தக் குரலில் இருந்த பயம் அவரை உலுக்கிவிட்டது. அந்தம்மா அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"நீதானா அது? வண்டியில மாஸ்க் போட்டிருந்த. குரல் அதேதான்."

"எந்த வண்டிம்மா?"

"என்னைக் கூட்டியாந்த வண்டி. கண்ணை மூடாதீங்க, மூடுனா போச்சுன்னு வழியெல்லாம் கத்திக்கிட்டு வந்தியே. நானும் மூடாம வந்தேன். அப்புறம் கதவைத் தொறந்து இவங்க கையில குடுத்துட்டு நீ போயிட்ட." மூச்சு வாங்கியது. "எப்ப மூடலாம்னு யாரும் சொல்லலப்பா."

தலையணை உறைக்குள் கையை விட்டுக் காட்டினார். வாயில் ஒதுக்கித் துப்பிய தூக்க மாத்திரைகள் எல்லாம் அங்கே இருந்தன. அசந்து மறந்து கண் சொக்கினால் தன்னையே கிள்ளிக்கொண்டு முழித்திருக்கிறார். தொடையெல்லாம் கன்றிப்போயிருந்தது.

அவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகமே வரவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. மயங்கிப் போகக்கூடாது என்பதற்காக எல்லாரிடமும் சொல்வதுதான். "மூடுனா போச்சு" என்பது எந்தப் பாடத்திலும் கிடையாது, அவர் சொந்தச் சரக்கு. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! அத்தனை பேரையும் வாசலில் விட்டுவிட்டு வண்டி கழுவப் போனவர்தானே!

ஒன்றையும் மறைக்காமல் சிஸ்டரிடம் போய்ச் சொன்னார். திட்டு விழும் என்று நின்றார். சிஸ்டர் திட்டவில்லை. "சொன்ன வாயே போயி மாத்திச் சொல்லட்டும். நாங்க யாரு சொன்னாலும் அவங்க நம்ப மாட்டாங்க" என்றார்.

திரும்பி வந்து ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டார்.

"அம்மா, அன்னைக்கு நான் சொன்னது அந்த வழிக்கு மட்டும்தான். வந்து சேந்துட்டீங்க. இனிமே தூங்கலாம்."

"நீ சொல்லிட்டுப் போயிடுவ. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"போக மாட்டேன்."

"உன் வேலை முடிஞ்சா?"

"முடிஞ்சாலும் போக மாட்டேன். நீங்களா எந்திரிக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

அந்தம்மா அவர் சட்டை நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். "மூடிக்கவா?"

"மூடிக்கோங்கம்மா."

நம்பாமல் இரண்டு தடவை திறந்து பார்த்தார். மூன்றாவது தடவை திறக்கவில்லை. இவர் மானிட்டரையும் மூச்சையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கீழே சைரன் கேட்டது. கால் தானாக ஒரு துடிப்பு துடித்தது. அடங்கு என்று அதட்டி வைத்தார்.

வெயில் இறங்கும் நேரத்தில் டிரைவர் வார்டு வாசலில் தலையை நீட்டினார். "டேய், ஒருத்தரை இறக்கிட்டு வர்றேன். ஆபீஸ்ல பதில் கேக்கறாங்க. என்னன்னு சொல்றது?"

"மெதுவாப் பேசு, தூங்குறாங்க. நான் வரலைன்னு சொல்லிடு."

டிரைவர் கட்டிலைப் பார்த்தார், சட்டை நுனியைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வார்டில் விளக்கு போட்ட பிறகுதான் அந்தம்மாவுக்கு முழிப்பு தட்டியது. கண்ணைத் திறக்காமலே, "போயிட்டியா?" என்றார். "இல்லம்மா" என்றதும் மறுபடி தூங்கிவிட்டார்.

அதற்கப்புறம் நன்றாகத் தூங்கினார், இரண்டு வாய் கஞ்சி குடித்தார், சிஸ்டரைக்கூடக் கிண்டல் பண்ணினார். ஆனால் பாதி இதயம் எத்தனை நாள்தான் ஓடும்? அடுத்த வாரம் ஒரு காலையில் மூச்சு மாறிவிட்டது. ஒரே மகன் கட்டிலின் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். செய்ய வேண்டியதையெல்லாம் டாக்டர் செய்து முடித்திருந்தார். அந்தம்மா இவர் பக்கம் திரும்பினார். கை தடவித் தடவிச் சட்டையைத் தேடியது.

"மூடிக்கவா?"

இந்தத் தடவை என்ன கேட்கிறார் என்று அவருக்குத் தெரியும். சட்டை நுனியை எடுத்து அந்தக் கையில் கொடுத்தார். குரலை நடுங்க விடவில்லை.

"மூடிக்கோங்கம்மா. நான் இருக்கேன்."

எல்லாம் முடிந்து, அந்தம்மாவைத் துடைத்து, சேலையைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் சரிசெய்தார். அந்தம்மாவின் பேப்பரைக் கொடுக்கப் போனபோது, கவுண்டரில் புதிதாக வந்திருந்த பெண்ணுக்கு இவரைத் தெரியாது. "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"நான் அவங்க நர்ஸ்" என்றார்.