சளிக்காகத் தள்ளிப்போட்ட ஊசி

எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கப் போவதில்லை. வத்தேகமவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு ஆஸ்பத்திரித் துண்டோ தோட்டக் கந்தோர்க் கடிதமோ எது வந்தாலும் படித்துச் சொல்ல என் கைக்குத்தான் வரும்.

அக்காவின் மகனுக்கு ஒன்பது மாதம் முடிந்து, சின்னமுத்து என்கிற தட்டம்மைக்கான ஊசிக்குக் கிளினிக் போகவேண்டிய காலையில் அவனுக்கு மூக்கு ஒழுகியது. அக்கா என்னிடம் கேட்டாள்.

"கூட்டிட்டுப் போகவா புள்ள?"

"சளியோட ஊசி போடக்கூடாதுக்கா. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

இதை நான் எங்கும் படித்ததில்லை. கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்றாகிவிடும்.

அடுத்த மாதம் கொழுந்து கூடிய மாதம். அக்கா வேலைக்குப் போனாள். அதற்கடுத்த மாதம் நானும் மறந்துவிட்டேன்.

பிறகு அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கண் சிவந்து, முகத்திலிருந்து சிவப்புப் பொரி இறங்கியது. "அம்மா வந்திருக்கா" என்றார்கள் லயத்தில். எங்கள் மலையில் வேப்பமரம் கிடையாது. கண்டி மார்க்கெட்டில் வேப்பிலை வாங்கிக்கொண்டு போனவள் நான்தான். மூன்றாம் நாள் காதிலிருந்து சீழ் வடிந்தது. அப்போதுதான் பயந்து அக்காவின் புருஷனிடம் ஓடினேன்.

"மச்சான், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க."

"தலைக்குத் தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டக்கூடாது. அம்மா கோவிச்சுக்குவா."

"இது சின்னமுத்து மச்சான். வைரஸ்."

"ஊசி வேணாம்னதும் நீதான். இப்ப ஆஸ்பத்திரிங்கிறதும் நீதான். எந்தப் படிப்ப நாங்க நம்புறது?"

நான் பிழையாகச் சொன்னதை அப்படியே கேட்டவர்கள், சரியாகச் சொன்னதைக் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பிள்ளை வாசல் தாண்டினான்.

பொரி ஆறியது. ஆனால் கதவை அறைந்தாலும் அவன் திரும்பவில்லை. சில மாதங்கள் கிளினிக் கிளினிக்காக அலைந்தபின் கண்டியில் காது டாக்டர் சோதித்துப் பார்த்தார். அவர் பேசிய சிங்களத்தை நான் அக்காவுக்குச் சொன்னேன்: இரண்டு காதிலும் நரம்பு போய்விட்டது, இனி வராது, மெசின் வைத்தாலும் சத்தம் கொஞ்சம்தான் தெரியும்.

அக்கா அழவில்லை. மகனை மடியில் சரிசெய்து உட்கார வைத்தாள்.

"அவருகிட்ட ஒன்னு கேளு. அன்னைக்கு ஊசி போட்டிருந்தா இது வந்திருக்குமான்னு கேளு."

"அக்கா, அது இப்ப எதுக்கு."

"கேளு புள்ள."

கேட்டேன். அனேகமாக வந்திருக்காது என்றார். சளிக்காக ஏன் நிறுத்தினீர்கள், சாதாரணச் சளியோடு போடலாமே என்றும் சொன்னார்.

அக்காவுக்குச் சிங்களம் அவ்வளவு விளங்காது. நான் மாற்றிச் சொல்லியிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. ஒரு சொல்லும் குறைக்காமல் தமிழில் சொன்னேன்.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். பஸ்ஸில் எனக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்தாள். வத்தேகம வரும்வரை அவன் காதோரமாக என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள்.