எல்லம்மா வீட்டுச் சுவரில் கறை

அம்பத்தூர் எஸ்டேட்டில் கட்டட மாதிரிகள் செய்யும் சிறிய பட்டறை ஒன்றில் கன்னியம்மா 1984இல் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தாள். அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் அங்கே குட்டிக் குட்டித் தொழிற்சாலைகள், பாலங்கள் செய்வார்கள். எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் பொம்மை போலவே இருக்கும். ஒருநாள் உடைந்த பாஸ்டல் கலர் கட்டியைப் பிளேடால் சுரண்டி, அந்தத் தூளைப் பிரஷ்ஷால் தொட்டு ஒரு குட்டிக் கூரைமேல் தேய்த்துப் பார்த்தாள். பத்து வருஷ மழையில் நனைந்த தகரமாகிவிட்டது கூரை. முதலாளி குணசேகரன் அன்றே அவள் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிவிட்டார்.

துரு, புகைக்கரி, பாசி, சாக்கடைக் கறுப்பு எல்லாம் அவள் விரலுக்குப் பழகின.

1993இல் ஒரு வேலை வந்தது. சென்னீர்குப்பத்துக்குப் பின்னால், கால்வாயை ஒட்டி நாற்பது வீடுள்ள தெரு. அங்கே அடுக்குமாடி கட்ட நினைத்த நிறுவனம் ஒன்று, அந்தத் தெரு இப்போது இருப்பதையும் இனி இருக்கப்போவதையும் காட்டும் இரண்டு மாதிரிகள் கேட்டிருந்தது. வரைபடத்தைப் பார்த்ததுமே கன்னியம்மா திடுக்கிட்டாள்.

"சார், இது எங்க அக்கா கீற தெரு."

"நல்லதாப் போச்சு. போட்டோ பாக்காமலே செய்வே. அவங்களுக்கும் அங்கேயே புது வீடு குடுக்கறாங்களாம்."

அதை நம்பினாள். நம்புவது சுலபமாக இருந்தது. அக்கா எல்லம்மா தன் வீட்டுக்கு நீலம் கலந்து வெள்ளையடித்திருந்தாள். அதையும் அப்படியே செய்தாள்.

குணசேகரன் குனிந்து பார்த்தார். "இவ்ளோ பளிச்சுனு இருந்தா எவன் இடிக்கச் சொல்லுவான்? அழுக்கு ஏத்து."

இடிக்க என்ற சொல் அவள் காதில் விழாமல் இல்லை. ஆனாலும் தூளைத் தொட்டாள். மூன்று நாள் வேலை. சுவரடியில் ஈரக் கறை ஏறியது, கூரை ஓரங்கள் துருவேறின. அக்கா வீட்டு நீலம் பழுப்பானது. இதுவரை செய்ததிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று அவளுக்கே தோன்றியது. தூள் உதிராதபடி மேலே வார்னிஷ் அடித்தாள்.

பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடந்தது. மாதிரியில் ஏதாவது உடைந்தால் ஒட்ட அவளும் போயிருந்தாள். தெரு ஜனமும் வந்திருந்தது. அதிகாரி ஒருவர் மேசையைக் காட்டினார். "நீங்களே பாருங்க. இதுலயா மனுஷங்க குடியிருக்கறது?"

எல்லம்மா விரல்விட்டு எண்ணித் தன் வீட்டைக் கண்டுபிடித்தாள்.

"இதுவா என் ஊடு? என் செவுத்துல ஏது சாமி கறை? போன மாசம்தானே சுண்ணாம்பு அட்ச்சேன்!"

"அப்ப இவங்க பொய்யா செஞ்சிருக்காங்களா?" என்றார் அதிகாரி.

மேசைக்குப் பின்னால் நின்ற தங்கையை எல்லம்மா அப்போதுதான் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "ஏ கன்னி, நீயே சொல்லுடி. என் ஊடு எப்டி கீதுன்னு உனுக்குத் தெரியாதா?"

எல்லோரும் திரும்பினார்கள். குணசேகரனும் பார்த்தார்.

"நான்தான்க்கா இத்தச் செஞ்சது" என்றாள் கன்னியம்மா. கறை பொய் என்று மட்டும் அவள் வாயில் வரவில்லை.

மண்டபம் காலியானதும் முந்தானையை நனைத்து அந்தச் சுவரைத் தேய்த்தாள். வார்னிஷ் விடவில்லை.

இரண்டு மாதத்தில் புல்டோசர் வந்தது. புது வீடு எதுவும் அங்கே கிடைக்கவில்லை. திருவேற்காட்டையும் தாண்டி, தண்ணீர் வராத இடத்தில் தகரக் கொட்டகைகள் கொடுத்தார்கள். பூந்தமல்லியில் பாத்திரம் தேய்த்துவந்த வீடுகள் எல்லம்மாவின் கையைவிட்டுப் போயின. அவள் சொல்லியனுப்பிய செய்தி ஒன்றுதான்: "எங்க ஊட்டு அழுக்கு அவளுக்குச் சோறு போடட்டும்."

சோறு போட்டது. அதே மாதிரி அழுக்கு வேண்டுமென்று வேறு நிறுவனங்களும் பட்டறையைத் தேடி வந்தன.

1996 மழையில் எல்லம்மா மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்த பிறகுதான் கன்னியம்மாவுக்குத் தகவல் வந்தது. இரண்டு நாள் வீட்டில் கிடந்தாள். மூன்றாம் நாள் பட்டறைக்குப் போனபோது ஆவடிப் பக்கத்துத் தெரு ஒன்று மேசைமேல் தயாராக இருந்தது.

"இதுக்குக் கொஞ்சம் தூக்கலா போடு" என்றார் குணசேகரன்.

அவள் பிளேடை எடுத்தாள்.