வண்டலூரில் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை

என் கணவருக்குத் தாம்பரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நான் திண்டிவனத்தில் டீச்சர். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை விடியற்காலை ரயிலைப் பிடித்துப் போய்விடுவார். கல்யாணமாகி ஆறு வருஷம் இப்படியே ஓடியது. எண்பத்தாறில் எனக்கு ஊரப்பாக்கம் பக்கத்துக்கு மாற்றல் கிடைத்ததும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடு தேட ஆரம்பித்தோம்.

ஒரு ஞாயிறு, கூடுவாஞ்சேரியில் தரகர் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். திண்டிவனத்திலிருந்து வந்த ரயிலில் வாசலை அடைத்துக் காய்கறி மூட்டைகள். நாங்கள் தாண்டி வருவதற்குள் வண்டி கூடுவாஞ்சேரியை விட்டுக் கிளம்பிவிட்டது. அடுத்து வண்டி நின்ற வண்டலூரில்தான் இறங்க முடிந்தது.

"மூட்டையத் தாண்டச் சொன்னா புடவைய புடிச்சிக்கினு நிக்கிற. இன்னிக்கி பொழுதே பேஜாரு!" என்றார் என் கணவர்.

"நீங்க தாண்டுனீங்களா?" என்றேன்.

திரும்பிப் போகிற வண்டிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. வெயிலில் நடந்து, ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டோம். ஐம்பது வயது இருக்கும், ஒரு அம்மா செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். சும்மா வாங்கிக் குடிக்கக் கூச்சமாக இருந்தது. பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, "மல்லாட்டை எடுத்துக்குங்க, காலையிலதான் அவிச்சேன்" என்று நீட்டினேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார்.

"எந்த ஊரும்மா உனக்கு?"

"திண்டிவனங்க."

"அதான பார்த்தேன்! இங்க எல்லாம் வேர்க்கடலைம்பாங்க. நான் பொறந்தது திருவாமாத்தூரு. மல்லாட்டைன்னு ஒருத்தர் சொல்லிக் கேட்டு எத்தினி வருஷமாவுது! உள்ள வாங்க."

பொட்டலம் தீரும்வரை ஊர்க்கதை பேசினோம். வந்த காரியத்தைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். மகனோடு பெங்களூருக்குப் போகப் போகிறாராம். இந்த வீட்டையே விற்க ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் கிணறு, ஒரு முருங்கை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் காட்டு மலை தெரிந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். என் கணவர் மெதுவாகப் பின்னால் வந்து, "புடிச்சிருக்கா?" என்றார். தலையாட்டினேன். "எனக்குந்தான்" என்றார், குரலைத் தாழ்த்தி, யாரோ பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் போல.

பத்திரம் முடிந்து தையில் கிரகப்பிரவேசம் வைத்தோம். முதல் நாளே வல்லத்திலிருந்து என் மாமனார் வீட்டுச் சனம் முப்பது பேர் ரயிலில் வந்து இறங்கிவிட்டார்கள். கேப்பை மாவு, பூசணிக்காய், வாழைத்தார் என்று வீடே நிறைந்துவிட்டது. திருவாமாத்தூர் அம்மாவும் பெங்களூரிலிருந்து வந்து, தன் வீட்டு விசேஷம் போலச் சமையலறையில் நின்றார்.

விடியற்காலை முகூர்த்தம். பால்காரர் பசுவையும் கன்றையும் கொண்டுவந்தார். பசு வாசல்படியில் கால் வைக்க மறுத்தது. வாழைப்பழம் காட்டினோம், தடவிக் கொடுத்தோம், என் மாமனார் பின்னாலிருந்து தள்ளியும் பார்த்தார். ஐயர், "ஜல்தி, ஜல்தி, நேரம் போறது" என்று தவித்தார்.

அப்போது மலைப் பக்கமிருந்து ஒரு உறுமல் கேட்டது. நெஞ்சுக்குள் அதிர்கிற மாதிரி, நீளமாக.

"ஐயோ, என்னா அது?" என்று என் மாமியார் கத்தினார்.

"சிங்கம்மா. பக்கத்துல புதுசா மிருகக்காட்சிசாலை தொறந்துருக்காங்க" என்று என் கணவர் சொல்லி முடிப்பதற்குள் பசு ஒரே பாய்ச்சலாக வீட்டுக்குள் ஓடியது. பின்னாலேயே கன்று. அதற்குப் பின்னால் வல்லத்துச் சனம் மொத்தமும், எங்களையும் இடித்துத் தள்ளிக்கொண்டு.

கூடத்தில் நிற்க இடமில்லை. கோலம் அழிந்து, என் பட்டுப்புடவையெல்லாம் மஞ்சள் தண்ணீர். முதலில் என் மாமனார் சிரிக்க ஆரம்பித்தார். அதோடு எல்லோருக்கும் சிரிப்பு பிடித்துக்கொண்டது. ஐயர் மந்திரத்தை விட்ட இடம் தெரியாமல் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அடுப்பில் பால் பொங்கியபோது என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துத்தான் என்று இன்றுவரை சாதிக்கிறார்.