நியூயார்க்கில் பார்க்க வேண்டிய இடங்கள்

விமான டிக்கெட் போடுகிறவனுக்கு உலகமே அத்துப்படி என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். எனக்கு அத்துப்படியானது எங்கள் ஊர் சத்திரம் பஸ் ஸ்டாண்டும், ஒரே ஒரு தடவை போய்வந்த சிங்கப்பூரும்தான். ஆனாலும் ‘முதல் தடவை நியூயார்க் போகிறவர்களுக்கு’ என்று இரண்டு பக்கம் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். நடைபாதை நடுவில் நின்று கதை பேசாதீர்கள். பாதாள ரயிலில் திசை பார்த்து ஏறுங்கள். கடைசியில், பார்க்க வேண்டிய இடங்கள். எல்லாம் போய்வந்தவர்களிடமும் வீடியோக்களிலும் பொறுக்கியது.

பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு இங்கே வாட்ஸப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன வருஷம் என் மனைவி செலினையும் அந்தத் தாளோடு அனுப்பிவைத்தேன். முப்பது வருஷம் பூகோளம் நடத்திய டீச்சர். நியூயார்க்கின் தீவு, ஆறு, துறைமுகம் எல்லாவற்றையும் கரும்பலகையில் புத்தகம் பார்க்காமல் வரைவாள். அந்த ஊரை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. மகன் அங்கேதான் வேலையில் இருக்கிறான். மருமகளுக்குப் பிரசவம் நெருங்கியது. ஆசையும் அவசியமும் ஒன்றாகக் கூடி வந்ததாக நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம்.

நேர்காணல் ஒத்திகை

விசாவுக்குச் சென்னையில் நேர்காணல் உண்டு. பேரப்பிள்ளையைக் கவனித்துக்கொள்ளப் போகிறோம் என்று சொன்னால், ஆயா வேலைக்குப் போகிறார்களோ என்று அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிடும் என்பது எங்கள் தொழிலில் ஒரு பயம். அதனால் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லச் சொல்லி, இடங்களின் பெயரை மனப்பாடம் பண்ணவைப்பேன். பெருமைப்படுகிற காரியமில்லை, ஆனாலும் செய்துகொண்டிருந்தேன்.

அன்றைக்கு உப்பிலியபுரத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பத்து அம்மாள் வந்திருந்தார். மகளுக்குத் தலைப்பிரசவம். சிலை, பாலம், பூங்கா என்று எல்லாவற்றையும் தப்பில்லாமல் ஒப்பித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “பேரெல்லாம் சொல்லிடுவேங்க. பச்ச ஒடம்புக்காரிய விட்டுட்டு அங்கெல்லாம் நான் எப்பங்க போறது?” பக்கத்து நாற்காலியில் அடுத்த ஒத்திகைக்காகக் காத்திருந்த செலினைப் பார்த்தேன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“எனக்கு ஒத்திகை வேண்டாங்க. நான் நெஜமாவே சுத்திப் பாக்கத்தானே போறேன்!”

எட்டாவது யோசனை

என் தாளில் எட்டாவது யோசனை, செடி, இலை, பழம் எதையும் எடுத்துப் போகாதீர்கள் என்பது. ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் அதைப் படித்தார், அடிக்கோடும் போட்டார். கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிட்டார். பெருமாளுக்குச் சாத்திய துளசியை மட்டும் ஈரத்துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். நியூயார்க்கில் இறங்கியதும் செடி, இலை ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று தலைநிமிர்ந்து சொல்லியிருக்கிறார். பையைத் திறந்தார்கள். மனிதரை ஒரு அறையில் உட்காரவைத்து, ஒரு பாட்டம் விசாரித்துவிட்டுத்தான் விட்டார்கள். துளசி குப்பைத் தொட்டிக்குப் போயிற்று.

திரும்பி வந்ததும் நேராக என் ஆபீசுக்கு வந்தார். தாளில் எழுதியிருந்தேனே, படிக்கவில்லையா என்று கேட்டேன். ஆறு மாசத்துக்கு அப்புறமும் அவருக்குக் கண் கலங்கியது. “பெருமாள் திருமேனியில சாத்தின திருத்துழாய் சார் அது. அதைப் போய் செடின்னு என் வாயால நான் எப்படிச் சொல்றது?”

பதினாலாவது மாடி

காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர் ஒருவர். விடிந்ததும் நூறு பேரிடம் சத்தம் போட்டால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். மனைவியோடு ஆறு மாசம் மகள் வீட்டுக்குப் போனார். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். மனைவி குழந்தையோடு. இவருக்குத் துணி மடிக்கும் வேலை. ஒரு நாள் இந்தியக் கடைக்குக் கூட்டிப் போனார்களாம். அங்கே சின்ன வெங்காயத்தைப் பார்த்ததும் உட்கார்ந்து அழுகலைத் தனியாகப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். மகளுக்கு அவமானமாகப் போய்விட்டது. அதற்கப்புறம் கடைக்கும் கூட்டிப் போகவில்லை.

திரும்பி வந்தவரிடம் சிலையைப் பார்த்தீர்களா என்று நான் வழக்கம்போல் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “பதினாலாவது மாடி ஜன்னல்ல நின்னா ஒரு பாலம் தெரியுங்க. ஆறு மாசமும் அதத்தான் பாத்தேன். அது பேரு என்னன்னு உங்க பேப்பர்ல இருக்கா?”

அடுத்த ஞாயிறு

செலின் ஞாயிறுதோறும் பேசுவாள். முதல் மாசம் குழந்தைக்கு மஞ்சள் காமாலை. அடுத்த மாசம் மருமகளுக்கு முதுகுவலி. அப்புறம் தடுப்பூசி, காய்ச்சல், குளிர். மகனுக்கு வாரம் பூராவும் வேலை, ஞாயிற்றுக்கிழமை தூக்கம். அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்றே நாலு மாசம் ஓடியது. வீட்டிலிருந்து ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் துறைமுகம். நான் தனியாகப் போய்வருகிறேன் என்று அவள் கேட்டாளாம். தொலைந்துபோவாய் என்று மகன் சொல்லிவிட்டான். தெருவின் பெயரெல்லாம் சொல்லி அந்த ஊரையே வரைகிறவள் தொலைந்துபோவாளாம்!

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. போன் போட்டேன். அவன் குரலைக் கேட்டதும் பாதி ஆத்திரம் வடிந்துவிட்டது. பெற்றவர்களுக்கே உரிய கோழைத்தனம். “அம்மாவ ஒரு நாள் கூட்டிட்டுப் போப்பா” என்று கெஞ்சத்தான் முடிந்தது. அவனுக்கு என் மேல் கோபமில்லை, அவசரம்தான்.

“அடுத்த தடவ வரும்போது பாத்துக்கலாம்ப்பா. நியூயார்க் எங்க ஓடியா போயிடப் போகுது?”

பூசை முடிந்து

எதையும் பார்க்காமலே செலின் திரும்பி வந்த முதல் ஞாயிறு, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கூட வேலை பார்த்த டீச்சர்கள், பழைய மாணவிகள். “நியூயார்க் எப்படி இருந்துச்சு டீச்சர்? எல்லாம் பாத்தீங்களா?” செலின் நேர்மையானவள். “எங்க...” என்று ஆரம்பித்தாள். மகனின் மானம் கோயில் வாசலில் போய்விடப் போகிறதே என்று நான் குறுக்கே விழுந்தேன். படகில் போனதைச் சொன்னேன். சிலைக்குக் கீழே நின்றால் காற்றில் புடவை நிற்காது என்றேன். பாலத்தில் நடக்கப் பாதி நாள் ஆயிற்று என்றேன். வாய் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கொடுத்துவைத்த மகராசி என்று எல்லாரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் சிரித்த முகத்தோடு நின்றாள்.

ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கிளம்பினோம். ரயில்வே கேட்டில் நின்றபோது, முதுகுக்குப் பின்னாலிருந்து நிதானமாகச் சொன்னாள்.

“இவ்வளவையும் பாத்தது நீங்கதானே. அடுத்த பிரசவத்துக்கும் நீங்களே போயிட்டு வாங்க.”

ஆகவே, முதல் தடவை நியூயார்க் போகிறவர்களுக்கு என்னுடைய கடைசி யோசனை: பார்க்க வேண்டிய இடங்களை வீட்டில் இருக்கிறவர் நன்றாகப் படித்து வைத்துக்கொள்ளட்டும், போனவர் திரும்பி வந்ததும் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டில் இருந்தவர்தான்.